படிப்பறையுடன் கூடிய வீடு

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை பூனை எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவால் வலது கை விரல்களை இப்போது மடக்க முடிகிறதா என்று எழுது. "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதே.

போன வாரம் நீ கூப்பிட்டபோது நான் சரியாகப் பேசவில்லை என்று வருத்தப்பட்டாயாம். போன் கூடத்தில், பெரியம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் எடுத்தவுடன் அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதற்குப் பிறகு எனக்கு "ம்", "சரி" தவிர எதுவும் வராது. எழுதினால் வருகிறது.

வீட்டைப் புதுப்பிக்கும் வேலை முடிந்துவிட்டது. ஐந்து மாதமாகத் தச்சர், கொத்தனார், பெயின்டர் என்று ஒருவர் போக ஒருவர் வந்தார்கள். நான் ஐந்து மாதமும் சிமென்ட் தூசியைத் துடைத்தேன். இப்போது சமையலறைச் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்த்துவிட்டார்கள். தரை முழுக்க மரம். அலமாரிக் கதவை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கடைசியில் அதுவே மெதுவாகப் போய் மூடிக்கொள்கிறது. பெரியப்பா இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல இனிமே கோவத்தைக்கூடக் காட்ட முடியாது" என்றார்.

எல்லாம் விற்பதற்காகத்தான். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய் இருந்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். ஜூலையில் கிளம்புகிறார்கள். பெரியம்மா என்னிடம், "வீடு கைமாறின மறுநாள் உன்னை நானே கொண்டுவந்து விடறேன். நீ பத்தாவது பரீட்சை எழுது" என்றார். தச்சர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனவே சாட்சி இருக்கிறது.

அம்மாவின் கை மெஷினில் மாட்டிய வருடம் "ரெண்டே மாசம்" என்று என்னை இங்கே அனுப்பினீர்கள். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நான் குறையாகச் சொல்லவில்லை. ஒன்பதாவதில் என்னோடு படித்தவர்கள் பன்னிரண்டாவதுக்குப் போகும்போதாவது நான் பத்தாவதை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். தனியாகத் தேர்வு எழுதுகிறவர்கள் ஆகஸ்ட் பத்துக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டுமாம். அதற்கு என் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். அம்மாவின் டிரங்குப் பெட்டியில், அடியில் இருக்கும். பதிவுத் தபாலில் அனுப்பு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பூனை


பிப்ரவரி 2

அன்பான பூனைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவின் கை பரவாயில்லை. சரி, கோபித்துக்கொள்ளாதே: கட்டைவிரலும் அடுத்த விரலும் மடங்குகின்றன, மற்ற மூன்றும் அடம் பிடிக்கின்றன. சாப்பிடுவது, தலை வாருவது எல்லாம் இடது கையில்தான். நேற்று இடது கையாலேயே என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குறி தவறவில்லை.

ஒரு நல்ல செய்தி. பெரியப்பாவின் கிடங்கில் அத்தானுக்கு வேலை கிடைத்துவிட்டது. சரக்கு இறக்கி ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று அத்தான் ஒரே பெருமை. பெரியம்மாதான் சொல்லி வாங்கிக் கொடுத்தார். அவருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் மனம் கோணாமல் நடந்துகொள்.

நான் தையல் கம்பெனியில் இன்னும் பட்டன் பிரிவிலேயே இருக்கிறேன். கனவிலும் பட்டன்தான் வருகிறது. வேறென்ன. நேரத்துக்குச் சாப்பிடு.

பிரியமுடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சளி பிடித்துச் சரியாகிவிட்டது, வேறு குறையில்லை. அத்தானுக்கு வேலை கிடைத்தது எனக்கும் சந்தோஷம். அம்மாவை இடது கையால் என்னையும் ஒரு குட்டு குட்டச் சொல், வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்.

சான்றிதழைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். புதனும் ஞாயிறும் வருகிறார்கள். தரகர் ஒருவர் இருக்கிறார். குட்டையாக, வாசனை போட்டுக்கொண்டு, எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வார். அவர் வருவதற்கு அரை மணி முன்னால் நான் காப்பிக்கொட்டையை வறுத்து அடுப்பை அணைத்துவிட வேண்டும். அந்த வாசனைக்கு வீடு விற்கும் என்கிறார். ஜன்னல் கண்ணாடியில் விரல் தடம் இருக்கக் கூடாது. குளியலறையில் ஒருமுறையும் நனையாத துண்டுகள் தொங்க வேண்டும். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது: "யாரோ இப்பதான் எழுந்து அந்தப் பக்கம் போன மாதிரி இருக்கணும் பாப்பா. ஆனா யாருமே இல்லாத மாதிரியும் இருக்கணும்." எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றரை வருடமாக இந்த வீட்டில் நான் அப்படித்தான் இருக்கிறேன்.

சமையலறைக்குப் பின்னால் இருக்கும் என் அறையை அவர்கள் படிப்பறை ஆக்கிவிட்டார்கள். ஆட்கள் வரும் நாளில் என் மடக்குக் கட்டிலையும் துணிப் பையையும் பின்பக்கப் படிக்கட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறேன். "உன் சாமான் ஒண்ணுகூடக் கண்ணுல படக் கூடாது" என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். கட்டில் இருந்த இடத்தில் ஒரு மேசை, ஒரு விளக்கு, புத்தகங்கள். புத்தகங்களைத் தரகர் பழைய கடையில் அட்டை நிறம் பார்த்து எடைக்கு வாங்கி வந்தார். எல்லாம் பழுப்பு நிறம். குதிரைகளுக்கு வரும் வியாதிகள் பற்றி ஒன்று, சட்டம் இரண்டாம் பாகம் ஒன்று, ஏதோ ஒரு கம்பெனியின் நாற்பது வருடத்து ஆண்டறிக்கைகள். நான் குதிரைப் புத்தகத்தைப் பாதி படித்துவிட்டேன். யாருக்காவது குதிரை நொண்டினால் சொல்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால் உள்ளே பேசுவது கேட்கும். போன ஞாயிறு தரகர் ஒரு குடும்பத்திடம், "இது படிப்பறை. இந்த வீட்டுப் பொண்ணு இங்கதான் உட்கார்ந்து படிக்கிறா, இங்கதான் படிக்கிறா" என்றார். அவர்கள், "நல்ல வெளிச்சம்" என்றார்கள். நான் வெளியே கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சீக்கிரம் விற்க வேண்டும் என்று நான் தரையை இரண்டு தடவை துடைக்கிறேன். பெரியம்மா கேட்பது ஒரு தடவைதான். இரண்டாவது எனக்காக.

சான்றிதழ், அக்கா.

உன்,
பூனை


ஏப்ரல் 3

அன்பான பூனைக்கு,

பதில் தாமதமானதற்கு அடிக்காதே. உடம்பு சரியில்லாமல் இருந்தது. இப்போது காரணம் தெரிந்துவிட்டது. நீ சித்தியாகப் போகிறாய். அம்மா இந்த வாரம் முழுக்க என்னை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. அத்தானோ இப்போதே தொட்டிலுக்குக் கயிறு பார்க்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மெலிந்துவிடாதே.

சான்றிதழ் இருக்கிறது. பெட்டிச் சாவியை அம்மா எங்கேயோ வைத்துவிட்டாள், கிடைத்ததும் பார்க்கிறேன். ஆகஸ்டுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. அதற்குள் நீ ஏன் இவ்வளவு அவசரப்படுகிறாய்? படித்தவர்கள் எல்லாம் என்ன கிழித்துவிட்டார்கள்? எங்கள் பட்டன் பிரிவில் மேற்பார்வையாளர் பட்டம் வாங்கியவர், பட்டனைத் தலைகீழாகத் தைக்கிறார்.

விளையாட்டுக்குச் சொன்னேன். கோபம் வேண்டாம்.

பிரியமுடன்,
அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படிக்கட்டில் வைத்து மூன்று தடவை படித்தேன். படி ஏறாதே, கனமாக எதையும் தூக்காதே, தண்ணீர் நிறையக் குடி. எனக்கு ஒரு நோவும் இல்லை. நான் வந்ததும் குழந்தையை நான் பார்த்துக்கொண்டே படிப்பேன். சாவி கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வீடு போய்விடும் போலிருக்கிறது, அக்கா.

ஒரு கண் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். இரண்டு வயதில் இரட்டைக் குழந்தைகள். ஒன்று வீட்டுக்குள் வந்ததிலிருந்து வீறிட்டு அழுதது. மற்றொன்று அதைப் பார்த்து அழுதது. தரகர் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. பெரியம்மா பின் கதவைத் திறந்து, "வா, இதுகளைக் கொஞ்சம் பிடி" என்றார். நான் குழந்தைகளை அலமாரிக்கு முன்னால் உட்கார வைத்து, கதவைத் தள்ளிக் காட்டினேன். அது மெதுவாக மூடியது. அவர்கள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். அதன் பிறகு இருபது நிமிடம் கதவுதான் விளையாட்டு.

டாக்டரின் மனைவி, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். பெரியம்மா, "என் தங்கச்சி பொண்ணு. இந்த வீடு இப்படி இருக்குன்னா இவ கைதான்" என்றார். ஒரு ஆளிடம் என்னைச் சொல்லி அறிமுகம் செய்தது இதுதான் முதல் தடவை. காது சூடாகிவிட்டது.

அந்த அம்மா அதற்குப் பிறகு மூன்று தடவை வந்தார். மற்றவர்கள் எல்லாம் ஜன்னலை அளப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள். இவர் என்னிடம்தான் பேசினார். இந்தக் கறையை எதைப் போட்டு எடுத்தாய், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், கோபம் வருமா உனக்கு? நான் வீடு விற்க வேண்டுமே என்று வாய் திறந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நான் இவ்வளவு பேசி நீயே பார்த்திருக்க மாட்டாய். நல்ல மனுஷி.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. குழந்தைகளுக்காக இரவும் கூடவே இருக்கும் ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். தரகர், முடியாது என்றார். இது கூட்டுறவுச் சங்கத்து வீடு. வாங்குகிறவர் பணம் கட்டினால் போதாது, சங்கத்துக் கமிட்டி கூப்பிட்டுப் பேசிப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். விதி பதினாலின்படி வேலைக்கு வரும் வெளியாள் ஆறு மணிக்கு மேல் கட்டடத்தில் இருக்கக் கூடாது. குடும்பத்தார் மட்டும்தான் இரவு தங்கலாம். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. பெரியம்மா உடனே அவரைப் பால்கனிக்கு அழைத்துப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். திரும்பி வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பெரியம்மாவுக்குப் பேசத் தெரிகிறது.

ஜூனில் கமிட்டி கூடுகிறது. ஜூலையில் நான் உன் பக்கத்தில் இருப்பேன்.

உன்,
பூனை


மே 18

என் செல்லப் பூனைக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். எனக்கு வாந்தி நின்றுவிட்டது. அம்மா இடது கையால் எழுதப் பழகுகிறாள். உன் பெயரைத்தான் முதலில் எழுதினாள். கோணல் மாணலாக இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

வீடு விற்கப்போகும் செய்தி கேட்டு எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். நீ ஜூலையில் வருவாய் என்று தையல் மெஷின் பக்கத்தில் உனக்கு இடம் ஒதுக்கிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். ஜன்னல் அங்கேதான் இருக்கிறது, படிக்க வெளிச்சம் வரும். புதுத் தலையணை உறை தைத்திருக்கிறேன், நான்கு பட்டன் வைத்து. சான்றிதழைப் பற்றிக் கவலைப்படாதே. அது பத்திரமாக இருக்கிறது.

ஒன்று மட்டும். பெரியவர்கள் நான்கு பேர் இருக்கும் இடத்தில் ஏதாவது கேட்டால் சட்டென்று மறுத்துப் பேசிவிடாதே. நீ பேசமாட்டாய், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

உன்னை நிறைய நினைத்துக்கொள்கிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? அம்மா நலமா?

ஆறாம் தேதி கமிட்டி கூடியது. கீழ்த்தளத்தில் நீளமான மேசை போட்ட ஓர் அறை. தலைவர் முடி நரைத்தவர், மெதுவாகப் பேசுவார். செயலாளர் பல் டாக்டர். பொருளாளர் ஒரு அம்மா, கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார். எதிரே கண் டாக்டரும் மனைவியும், பெரியப்பா, பெரியம்மா, கடைசி நாற்காலியில் நான். வீட்டைக் காலி செய்கிறவர்கள் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிப் பெரியம்மா என்னை நல்ல உடை போட வைத்து அழைத்து வந்திருந்தார்.

செயலாளர் கோப்பைத் திறந்து, குடிவரப் போகிறவர்களின் பெயர்களை வாசித்தார். டாக்டர், மனைவி, இரண்டு குழந்தைகள், இவர்கள் பொறுப்பில் வளரும் பெண் ஒருத்தி. யார் அந்தப் பெண் என்று நானும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கோப்பிலிருந்து என் பள்ளிச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். இரட்டைப் பின்னல் போட்டு நான் முறைக்கும் போட்டோ.

பிறகு ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். அம்மா எழுதுவதாக இருந்தது. "என் இளைய மகளை டாக்டர் குடும்பத்தாரின் பொறுப்பில் ஐந்து ஆண்டுகள் தங்கிப் படிக்க முழு மனதோடு அனுப்பி வைக்கிறேன்." கீழே இடது கையால் போட்ட அம்மாவின் கையெழுத்து. மேலே எல்லாம் உன் எழுத்து. தேதிக்கு அடியில் நீ எப்போதும் போடுகிற இரட்டைக் கோடு இருந்தது. நான் இருந்த இடத்திலிருந்தே அது தெரிந்தது.

தலைவர் எழுந்து டாக்டருக்குக் கை கொடுத்தார். "அடுத்தவங்க பிள்ளையைப் படிக்க வைக்கணும்னு யாருங்க நினைக்கிறா இப்ப?" என்றார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். வேறு இரண்டு பேரும் இந்த வீட்டைக் கேட்டிருந்தார்களாம். இப்படிப்பட்ட மனசு உள்ளவர்கள்தான் நம் கட்டடத்துக்கு வேண்டும் என்று பொருளாளர் சொன்னார். அந்த டாக்டர் வீட்டம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். கறையை எப்படி எடுத்தாய் என்று கேட்டபோதும் அப்படித்தான் சிரித்தார்.

தலைவர் என் பக்கம் திரும்பி, "உனக்கு சந்தோஷம்தானேம்மா?" என்றார். பெரியம்மா மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தொட்டு, "ஆமான்னு சொல்லு, போதும்" என்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நான் படிக்கலை. ரெண்டு வருஷமா இங்க வீட்டு வேலை செய்யறேன். அவங்களும் அதுக்குத்தான் கூப்பிடறாங்க."

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசினார்கள். விதி பதினாலைப் பற்றிப் பேசினார்கள். கமிட்டியிடமே பொய் சொல்லலாமா என்று பேசினார்கள். நான் எந்த லிப்டில் வந்து போனேன், முன்பக்கமா பின்பக்கமா என்று பொருளாளர் இரண்டு தடவை கேட்டார். நான் இனி எங்கே போவேன் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் குடும்பத்துக்குச் சம்மதம் இல்லை என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

மாடிக்கு வந்ததும் பெரியம்மா, "உங்க அத்தானுக்கு வேலை யார் குடுத்தான்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். அதன் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அந்தக் கடிதத்தில் போட்டிருந்த தேதி மே 18. எனக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று நீ எழுதிய கடிதத்திலும் அதே தேதிதான். இரண்டையும் ஒரே நாள், ஒரே பேனாவில் எழுதியிருக்கிறாய். எதை முதலில் எழுதினாய்?

தங்கை


ஜூன் 27

பூனைக்கு,

இங்கே நலம் என்று எழுத ஒன்றுமில்லை. உன் அத்தானைப் பன்னிரண்டாம் தேதி கிடங்கிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, "உங்க வீட்ல போய்க் கேளுங்க" என்றாராம் மேலாளர். அத்தான் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். நான் யாரைக் கேட்பது?

பிறந்ததிலிருந்து நீ வாய் திறந்ததில்லை. பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போதுகூட உன் சத்தம் கேட்காமல் ஆப்சென்ட் போடுவார்கள். அன்றைக்குத்தான் உனக்குப் பேச்சு வந்ததா?

எதை முதலில் எழுதினேன் என்று கேட்கிறாய். நினைவில்லை. படிக்க வைக்கிறோம், நல்ல இடம், டாக்டர் வீடு என்றுதான் பெரியம்மா போனில் சொன்னார். நம்பினேன். நம்பினேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். மெஷின் பக்கத்தில் இடம் என்று எழுதினேன். அது ஒரு பாய் அளவு இடம். அங்கேதான் தொட்டில் வர வேண்டும். ஒரே அறையில் நாங்கள் மூன்று பேர், வரப்போவது ஒன்று. நீ எங்கே படுப்பாய் என்று உனக்கே தோன்றியிருக்க வேண்டாமா? ஏழாவது மாடியில் தனி அறையில் இருந்துகொண்டு உனக்கு இது புரியாது.

இப்போதைக்கு இங்கே வராதே. அத்தான் உன்னைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது.

அக்கா


ஜூலை 13

பூனைக்கு,

நீ பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஏதுமில்லையே? பெரியம்மாவும் பெரியப்பாவும் மூன்றாம் தேதி விமானம் ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நீ எங்கே இருக்கிறாய் என்று யாரும் சொல்லவில்லை. இந்த விலாசத்துக்கே எழுதுகிறேன்.

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரும் வழியிலேயே எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். தபால் பெட்டிக்குள் கை போகவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பெயர்களுக்கு மேல் படிக்கத் தெரியாதவளிடம் அந்தத் தாளை நீட்டி, இது உன் பரீட்சை விண்ணப்பம் என்று சொன்னேன். அதற்காகத்தான் அவள் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினாள். நான்கு நாள், சிமென்ட் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி எழுதி அழித்தாள். மூன்று தாள் கோணிப்போய், நான்காவதில்தான் சரியாக வந்தது. போட்டு முடித்துவிட்டு, "என் கையெழுத்தப் பார்த்து அவளுக்கு மார்க் கொறைச்சுடப் போறாங்க" என்றாள். இப்போது தினமும் பரீட்சை எப்போது என்று கேட்கிறாள். நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தேதி சொல்கிறேன்.

அத்தானுக்குச் சந்தையில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்திருக்கிறது. வெயிலில்தான். கோபம் ஆறிவிட்டது. அவரே, "அவ எங்க போவா, வரச் சொல்லு" என்றார். வந்துவிடு. தொட்டிலை உத்தரத்தில் கட்டிக்கொள்ளலாம், கீழே இடம் இருக்கும்.

வந்துவிடு, பூனை.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். அம்மா அந்த மூன்று விரல்களுக்கும் பயிற்சியை விடாமல் செய்யட்டும். அத்தானுக்கு நன்றி சொன்னேன் என்று சொல். உண்மையாகவே சொல்கிறேன்.

நான் இங்கேதான் இருக்கிறேன். டாக்டர் குடும்பம் வேறு தெருவில் வீடு வாங்கிவிட்டது. இந்த வீட்டைக் கேட்ட மற்ற இரண்டு பேரும் பின்வாங்கிவிட்டார்கள், கமிட்டியில் தகராறு நடந்த வீடு என்று. பெரியம்மா கிளம்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. பூட்டிக் கிடந்தால் வீடு வாடை அடிக்கும், வாடை அடித்தால் விலை போகாது என்று தரகர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அதனால் என்னைப் பிடிக்காமலேயே இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சங்கத்துப் பதிவேட்டில் நான் இன்னும் பெரியம்மாவின் தங்கை மகள்தான். எனவே இரவு தங்க விதி இடம் கொடுக்கிறது. வீடு விற்கும்வரை இருப்பேன். விற்ற பிறகு, காலி வீடுகளைத் துடைத்து ஒழுங்கு செய்ய ஆள் வேண்டும், பெண்கள் விடுதியில் இடம் பார்த்துத் தருகிறேன் என்று தரகர் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறேன். அந்தப் பாதி போதும்.

நாலு படுக்கையறை உள்ள வீடு காலியாக இருக்கிறது. நான் பின்னறையில்தான் படுக்கிறேன். படிப்பதும் அங்கேதான். ஆட்கள் வரும் நாளில் என் கணக்கு நோட்டையும் கைடையும் ஒளித்துவிட்டு, பழுப்புப் புத்தகங்களை எடுத்து அடுக்குகிறேன். என் நோட்டு அழுக்காக இருக்கிறதாம், மேசைக்குப் பொருந்தவில்லையாம்.

உன்மேல் கோபமா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் எழுதியிருப்பேன்.

இதோடு பரீட்சை விண்ணப்பம் வைத்திருக்கிறேன். நான் நிரப்ப வேண்டியதையெல்லாம் நிரப்பிவிட்டேன். சான்றிதழின் நகலைப் பின்னால் இணைத்திருக்கிறேன், மூலம் என்னிடமே இருக்கும். கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, ஆகஸ்ட் ஐந்துக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பு. எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, மார்க் குறைக்க மாட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்.

கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. தேர்வு மையம் என்ற இடத்தில் நம் ஊரை எழுதவில்லை, இந்த நகரத்தை எழுதியிருக்கிறேன். அந்த வரியையும் விடாமல் படி.

இப்படிக்கு,
தங்கை